தாலி கட்டி மகுடம் பிடித்த குடும்பம்



2023 மே 6-ந் தேதி லண்டன் மாநகரில் மூன்றாம் சார்லஸுக்கு முடி சூட்டினார்கள். அந்த வாரம் நம் நாட்டு முதலாளித்துவப் பத்திரிகைகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பொன் ரதத்துக்கு எத்தனை குதிரை, மகுடத்தில் எத்தனை கல், மகாராணியின் உடுப்பு என்ன துணி என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். “ராஜ ரத்தம்” என்றார்கள். “ஆயிரமாண்டுப் பாரம்பரியம்” என்றார்கள். அந்த ஒரே நிதியாண்டில் இந்த ராஜ குடும்பத்தின் செலவுக்காகப் பிரிட்டிஷ் கஜானாவிலிருந்து கொடுத்தது 8 கோடியே 63 லட்சம் பவுன். அந்தச் செய்தி எந்த மூலையில் இருந்தது என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டியிருந்தது.

போகட்டும். ராஜ ரத்தம் என்கிறார்களே, அது எந்த ஊர் ரத்தம்? அது எப்படி லண்டனுக்கு வந்தது? யாருடைய செலவில் வந்தது? இதை அவர்கள் எழுத மாட்டார்கள். நாம் எழுதுவோம்.

ஜெர்மனியின் நடுப்பகுதியில் கோபர்க் என்று ஓர் ஊர் உண்டு. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் அது ஒரு குட்டி சமஸ்தானத்தின் தலைநகர். சமஸ்தானம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நம் ஊர் தாலுகா ஒன்றின் அளவு இருக்கும், அவ்வளவுதான். அதற்கு ஒரு கோமகன், ஓர் அரண்மனை, ஒரு தர்பார். தலைக்கு மேல் கடன்! கடன் முற்றிப்போய், சக்கரவர்த்தியே தலையிட்டு வரவு செலவைக் கவனிக்க ஒரு கமிஷனை நியமிக்கும் நிலை வந்தது. ஜப்திக்கு அமீனா வந்து நின்ற ஜமீன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தக் கோமகன் பிரான்ஸிடம் படையும் இல்லை, பணமும் இல்லை. பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். மூன்று ஆண், நான்கு பெண் வளர்ந்து ஆளானார்கள். அந்தப் பிள்ளைகள்தான் முதலீடு.

முதல் பேரம் ருஷ்யாவில் நடந்தது. 1795-ல் ருஷ்யச் சக்கரவர்த்தினி காதரீன் தன் பேரன் கான்ஸ்டன்டீனுக்குப் பெண் பார்த்தாள். கோபர்க் கோமகளுக்கு அழைப்பு வந்தது. அவள் தன் மூன்று பெண்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பீட்டர்ஸ்பர்க் போய் இறங்கினாள். சந்தையில் மாடு பிடிப்பதைப் போல மூன்றையும் பார்த்து, மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் பெயர் ஜூலியானே. வயது 14. அடுத்த ஆண்டு கல்யாணம். மாப்பிள்ளை முரடன். அவனிடம் பட்ட பாடு தாங்காமல் 1801-ல் அவள் ருஷ்யாவை விட்டே போய்விட்டாள். ஆனால் அந்தச் சம்பந்தத்தால் வந்த லாபம் போகவில்லை. அவளுடைய தம்பி லியோபோல்டுக்கு ஆறு வயதிலேயே ருஷ்யக் காவற்படையில் அதிகாரிப் பதவி கிடைத்தது! நெப்போலியனின் படை கோபர்க்கைப் பிடித்துக்கொண்டபோது, 1807-ல் ஜார் பேசித்தான் சமஸ்தானம் திரும்பக் கிடைத்தது. பதினான்கு வயதுப் பெண்ணின் கண்ணீருக்கு ஒரு சமஸ்தானம் விலை. லாபகரமான வியாபாரம் அல்லவா?

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கல்யாணமே தொழில் ஆயிற்று.

மூத்த மகன் எர்ன்ஸ்ட், கோத்தா சமஸ்தானத்தின் வாரிசான லூயிஸ் என்ற 16 வயதுப் பெண்ணை 1817-ல் கட்டினான். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. 1824-ல் அவளை வீட்டை விட்டு விலக்கினான். அவள் தன் குழந்தைகளை மறுபடி பார்க்கவேயில்லை. 1831-ல் பாரிஸில் செத்துப்போனாள். ஆனால் அவள் வழியாக வந்த கோத்தா? அது 1826-ல் பத்திரமாகக் கோபர்க்கோடு சேர்ந்தது! பெண்ணைத் தள்ளி வைத்தார்கள், சீதனத்தைத் தள்ளி வைக்கவில்லை. “சாக்ஸ்-கோபர்க்-கோத்தா” என்ற நீண்ட பெயரில் கோத்தா என்ற சொல் எப்படி வந்தது என்று கேட்டால் இதுதான் கதை.

இரண்டாவது மகன் பெர்டினாண்ட், ஹங்கேரியில் பெரும் நிலச்சுவான்தாரின் ஒரே மகளைக் கட்டினான். அவள் வீட்டார் கத்தோலிக்கர், இவன் வீட்டார் புராட்டஸ்டண்டு. அதனால் என்ன? பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்த்தார்கள். ஏழை வேறு மதத்தில் பெண் எடுத்தால் வேதம் ஓதுகிற பாதிரிமார்கள், ஹங்கேரிப் பண்ணைகளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தக் கத்தோலிக்கக் கிளைதான் 1836-ல் போர்ச்சுகல் ராணிக்கு மாப்பிள்ளை கொடுத்தது, 1887-ல் பல்கேரியாவுக்கு அரசனையும் கொடுத்தது.

கடைக்குட்டி லியோபோல்ட் இருக்கிறானே, அவன்தான் இந்தத் தொழிலில் பெரிய முதலாளி. 1816-ல் இங்கிலாந்தின் பட்டத்து வாரிசான சார்லட்டைக் கல்யாணம் செய்தான். மறு ஆண்டே அவள் பிரசவத்தில் இறந்தாள். ஆனால் கல்யாண ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. மனைவி இறந்தாலும் புருஷனுக்கு ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 50,000 பவுன்! 1831-ல் பெல்ஜியத்துக்கு ராஜாவாகப் போகும் வரை, செத்தவளின் பேரால் இங்கிலாந்து மக்கள் அவனுக்குப் படி அளந்தார்கள்.

சார்லட் இறந்ததும் இங்கிலாந்து அரச வீட்டில் வாரிசு இல்லாமல் போயிற்று. கிழட்டுக் கோமகன்கள் மூவர் 1818-ல் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்தார்கள். அவர்களில் ஒருவன் கென்ட் கோமகன். கால் நூற்றாண்டுக்கு மேல் தன்னோடு வாழ்ந்த பெண்ணை உதறிவிட்டு மணமேடைக்கு ஓடியவன். அவன் கட்டியது யாரை? லியோபோல்டின் அக்காளை! கோபர்க் வீட்டு விதவை. 1819 மே 24-ந் தேதி இவர்களுக்குப் பிறந்தவள்தான் விக்டோரியா.

இங்கே ஆலைத் தோழர்கள் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அந்தக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகுமுன், அதே 1819 ஆகஸ்டு 16-ந் தேதி, மான்செஸ்டர் நகரத்தின் பீட்டர் மைதானத்தில் நெசவாளர்களும் நூற்பாலைத் தொழிலாளர்களும் பெண்டு பிள்ளைகளோடு திரண்டார்கள். சுமார் 60,000 பேர். ஆயுதம் இல்லை. ஓட்டுரிமை கேட்டார்கள். குதிரைப்படையை ஏவி வாளால் வெட்டினார்கள். பதினைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். காயம் பட்டவர்கள் நூற்றுக்கணக்கில். விக்டோரியாவின் தொட்டில் கதையை எழுதுகிறவர்கள் இதையும் அதே பக்கத்தில் எழுதட்டுமே!

மாமன் மகன்கள்

விக்டோரியா 1840 பிப்ரவரி 10-ந் தேதி ஆல்பர்ட்டைக் கல்யாணம் செய்தாள். இதைக் காதல் காவியம் என்கிறார்கள். சினிமாப் படங்கள் எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குள் பிரியம் இருந்தது உண்மைதான். அதை நாம் மறுக்கவில்லை. ராஜாத்திக்கும் மனசு உண்டு. ஆனால் ஆல்பர்ட் யார்? கோத்தாவைச் சீதனமாக வாங்கினானே, அந்த எர்ன்ஸ்டின் மகன். விக்டோரியாவின் தாய்க்கு உடன்பிறந்தவன் மகன். அதாவது சொந்த மாமன் மகன். ஜாதகம் பொருத்தியது யார்? சின்ன மாமன் லியோபோல்ட்! போர்ச்சுகல் ராணியின் புருஷனும் அவளுக்கு மாமன் மகனே. லியோபோல்டுக்குப் பிறகு பெல்ஜியத்தை ஆண்ட இரண்டாம் லியோபோல்டும் மாமன் மகனே. கோபர்க்கை ஐரோப்பாவின் பொலிகுதிரைப் பண்ணை என்று பிஸ்மார்க் கேலி செய்ததாகச் சொல்வார்கள். பிஸ்மார்க் தொழிலாளிக்கு நண்பன் அல்ல. ஆனாலும் பிரபு வீட்டு விஷயம் பிரபுவுக்குத் தெரியாதா?

மாமன் மகனைக் கட்டுவதில் என்ன தப்பு, நம் வீடுகளிலும் வழக்கம்தானே என்று ஒரு விவசாயத் தோழர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. கூலிக்காரன் வீட்டில் அத்தை மகளைக் கட்டினால் ஒரு பானை இரண்டாகாமல் இருக்கும். கஷ்டத்தில் கை கொடுக்க ஆள் இருக்கும். ஊரான் வயிற்றில் யாரும் அடிப்பதில்லை. கோபர்க் வீட்டு மாமன் மகன் ஒருவன் மாலை மாற்றினால் ஒரு தேசத்தின் கஜானா கை மாறும். வித்தியாசம் உறவு முறையில் இல்லை, சொத்தில் இருக்கிறது. 1884-ல் எங்கெல்ஸ் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றத்தைப் பற்றி எழுதிய நூலில் விளக்கியதும் இதைத்தான். சொத்து வாரிசு என்ற கணக்கு நுழைந்த வீட்டில் கல்யாணம் ஒரு கிரய சாசனம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் குடும்பத்து ஆண் பிள்ளைகள் பலரைக் கொன்ற ரத்தம் உறையா நோய், சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று நம் மேடைகளிலும் சில தோழர்கள் பேசுகிறார்கள். அது சரியல்ல. அந்த நோய் தாய் வழியாக மகனுக்கு இறங்குவது. விக்டோரியாவிடமிருந்து அவள் பெண்கள் வழியாக ருஷ்ய அரண்மனைக்கும் ஸ்பானிய அரண்மனைக்கும் போயிற்று. எதிரியைத் தாக்க உண்மையே போதும்.

ஆல்பர்ட்டுக்கு ஆண்டுக்கு 50,000 பவுன் வேண்டும் என்று மந்திரிகள் கேட்டார்கள். பார்லிமெண்டு 30,000 கொடுத்தது. வாரத்துக்கு ஒரு பவுன் கூலி கண்ட ஆலைத் தொழிலாளி அன்று பாக்கியசாலி. அப்படிப்பட்ட 570-க்கு மேற்பட்ட குடும்பங்களின் ஆண்டுக் கூலி, ஒரே மாப்பிள்ளைக்கு! அதே நாட்களில் நியூபோர்ட்டில் என்ன நடந்தது? 1839 நவம்பரில் ஓட்டுரிமைச் சாசனம் கேட்டுக் கிளம்பிய சுரங்கத் தொழிலாளர் மீது பட்டாளம் சுட்டது. இருபது பேருக்கு மேல் பலியானார்கள். தலைவர்களுக்கு மரண தண்டனை விதித்து, பிறகு நாடு கடத்தினார்கள். அவர்களை ஏற்றிய கப்பலும் விக்டோரியாவின் கல்யாண வண்டியும் கிளம்பியது ஒரே மாதத்தில்.

இந்தக் குடும்பத்தின் கை நம் வீட்டுச் சட்டிக்குள்ளும் நுழைந்தது. 1877 ஜனவரி 1-ந் தேதி டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்தார்கள். அது எந்தக் காலம்? தாது வருஷம்! சென்னை மாகாணத்தில் ஜனங்கள் புல்லையும் கிழங்கையும் தின்று சாலை ஓரத்தில் விழுந்து செத்துக்கொண்டிருந்த காலம். நிவாரண வேலையில் மண் வெட்டிய ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று டெம்பிள் துரை கூலியைக் குறைத்தது அந்த ஜனவரியில்தான். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஒரு பகுதி அந்தப் பஞ்சத்தில் காய்ந்த வயிறுகள் வெட்டியது. பேர் மட்டும் கவர்னர் கோமகனுக்கு!

பேரை மாற்றினான் ராஜா

1914-க்கு வருவோம். இங்கிலாந்தில் ஜார்ஜ், ஜெர்மனியில் வில்ஹெல்ம், ருஷ்யாவில் நிக்கலாஸ். முறை சொல்லிப் பாருங்கள். வில்ஹெல்மின் தாய் ஜார்ஜின் தகப்பனுக்கு உடன்பிறந்தவள். ஆகவே கெய்சர் வில்ஹெல்ம் ஜார்ஜுக்கு அத்தை மகன். ஜார் நிக்கலாஸின் தாயும் ஜார்ஜின் தாயும் அக்காள் தங்கை. ஆகவே ஜார் சித்தி மகன். ஜார் கட்டியிருந்ததோ விக்டோரியாவின் பேத்தியை, கெய்சரின் சித்தி மகளை. நம் முறைப்படி ஜாரும் கெய்சரும் மச்சினன்மார்! ஜூலை மாதக் கடைசியில், பட்டாளங்கள் எல்லைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கும்போது, இந்த மச்சினன்மார் “வில்லி” என்றும் “நிக்கி” என்றும் கையெழுத்துப் போட்டு ஒருவருக்கொருவர் இங்கிலீஷில் தந்தி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அரச குடும்பங்கள் ஒன்றுக்குள் ஒன்றானால் யுத்தம் வராது, சமாதானம் நிலைக்கும் என்று அதுவரை பிரசாரம் செய்தார்கள். நிலைத்ததா? காலனிகளும் சந்தைகளும் யாருக்கு என்று ஏகாதிபத்திய முதலாளிகள் மோதிக்கொண்டபோது, அத்தை மகன், சித்தி மகன் உறவெல்லாம் பஞ்சாய்ப் பறந்தது. செத்தது யார்? ருஷ்ய உழவன், ஜெர்மன் சுரங்கத் தொழிலாளி, லங்காஷயர் நெசவாளி. இங்கிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோன இந்தியச் சிப்பாய்களில் 70,000-க்கு மேற்பட்டோர்.

1917 ஜூன் 13-ந் தேதி பட்டப்பகலில் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது குண்டு போட்டன. 162 பேர் இறந்தார்கள். கிழக்கு லண்டனில் பாப்ளர் என்ற இடம் துறைமுகத் தொழிலாளர் குடியிருக்கும் பகுதி. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்தது. 18 குழந்தைகள் மாண்டன. பெரும்பாலும் ஐந்து வயதுப் பிஞ்சுகள். அந்த விமானத்தின் பெயர் என்ன தெரியுமா? கோத்தா! அதைச் செய்தது கோத்தா ஊர்த் தொழிற்சாலை. இங்கிலாந்து ராஜாவின் குடும்பப் பெயரும் அன்று சாக்ஸ்-கோபர்க்-கோத்தாதான்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் கேட்க ஆரம்பித்தார்கள். ராஜா என்ன செய்தான்? யுத்தத்தை நிறுத்தினானா? இல்லை. பெயரை மாற்றினான்! ஜூலை 17-ந் தேதி பிரகடனம். இனிமேல் நாங்கள் “வின்ட்ஸர்”. அரண்மனை இருக்கும் ஊரின் பெயரை எடுத்துப் பூசிக்கொண்டான். ஆயிரமாண்டுப் பாரம்பரியம் என்கிறார்களே, அந்தப் பெயரின் வயது இவ்வளவுதான்.

அந்த வருஷம் இன்னொன்றும் நடந்தது. ருஷ்யத் தொழிலாளர்கள் மார்ச்சில் ஜாரைத் தூக்கி எறிந்தார்கள். சித்தி மகனுக்கு அடைக்கலம் தருவதாகப் பிரிட்டிஷ் சர்க்கார் முதலில் சொன்னது. ஜார்ஜ் தன் காரியதரிசியை விட்டு அதை மாற்றச் சொன்னான். ஏன்? ஜாரை அழைத்து வந்தால் இங்கிலாந்துத் தொழிலாளிகள் கொதித்தெழுவார்கள், தன் நாற்காலியும் ஆடும் என்ற பயம். 1918 ஜூலையில் ஜார் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டான். அதற்காக இன்றும் போல்ஷ்விக்குகளைச் சபித்துக் கண்ணீர் வடிக்கிறவர்கள், கதவைச் சாத்திய சொந்தக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அதே ஜூலையில் பாட்டன்பர்க் என்ற இன்னொரு ஜெர்மன் கிளையும் பெயரை இங்கிலீஷாக்கி “மவுன்ட்பேட்டன்” என்று வைத்துக்கொண்டது. நமக்குத் தெரிந்த பெயர்! விக்டோரியாவின் கொள்ளுப்பேரன்தான் 1947-ல் நம் நாட்டைக் கூறு போட்டுக் கொடுத்துவிட்டுப் போன கடைசி வைசிராய்.

பெயரை மாற்றாமல் ஜெர்மனியில் தங்கியவன் என்ன ஆனான்? கோபர்க்கின் கடைசிக் கோமகன் சார்லஸ் எட்வர்ட். இவனும் விக்டோரியாவின் பேரனே. இங்கிலாந்தில் பிறந்து, ஈட்டன் பள்ளியில் படித்து, 16 வயதில் கோபர்க் கதிக்கு அனுப்பப்பட்டவன். 1918 நவம்பரில் தொழிலாளர்களும் சிப்பாய்களும் எழுந்தபோது பட்டம் போயிற்று. உடனே எங்கே போய்ச் சேர்ந்தான்? பாசிஸ்டுக் கும்பலோடு! ஜெர்மனியில் நாஜிகள் நகரசபையில் தனிப் பெரும்பான்மை பெற்ற முதல் நகரம் கோபர்க், 1929-ல். 1932-ல் இவன் மகள் சிபில்லாவை ஸ்வீடன் ராஜகுமாரனுக்குக் கோபர்க்கில் கட்டிக் கொடுத்தான். இன்று ஸ்வீடனின் அரசனாக இருக்கிறவர் அந்தச் சிபில்லாவின் மகன். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் கோமகன் நாஜிக் கட்சியில் சேர்ந்தான், ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கத்துக்குத் தலைவன் ஆனான். யுத்தம் முடிந்ததும் மேற்கு ஜெர்மனியில் விசாரித்தார்கள். “கூடப் போனவன்” என்று தீர்ப்பாயிற்று. ஓர் அபராதத்தோடு ஆளை விட்டார்கள்.

இவர்களின் நிலத்துக்கும் அரண்மனைக்கும் என்ன ஆயிற்று என்பது விவசாயத் தோழர்கள் கேட்க வேண்டிய கதை. 1919-ல் கோத்தாவில் தொழிலாளர் கட்சிகளின் ஆட்சி கோமகன் சொத்தைப் பறிமுதல் செய்தது. 1925-ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. எல்லாக் கோமகன்களும் கோர்ட்டுக்கு ஓடினார்கள். அப்போது ஜெர்மன் கம்யூனிஸ்டுக் கட்சி எழுந்தது. பட்டம் இழந்த பிரபுக்கள் சொத்தை நஷ்டஈடு இல்லாமல் எடுத்து, வேலையில்லாதவருக்கும் யுத்தத்தில் ஊனமுற்றவருக்கும் சின்ன விவசாயிக்கும் கொடு என்று கோஷம் வைத்தது. சோஷல் டெமாக்ரட் கட்சியும் கூடச் சேர வேண்டியதாயிற்று. 1926 மார்ச்சில் ஒன்றே கால் கோடிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஜூன் 20-ந் தேதி வாக்கெடுப்பில் 1 கோடியே 44 லட்சத்துக்கு மேற்பட்டோர் “ஆம்” என்றார்கள். எதிர்த்து வந்த வாக்கு ஆறு லட்சத்தை எட்டவில்லை! இருந்தும் தோற்றது. மொத்த வாக்காளரில் சரிபாதி ஆதரித்தால்தான் செல்லும் என்று விதி செய்திருந்தார்கள். பணக்காரக் கட்சிகள், வீட்டை விட்டு வெளியே வராதே என்றன. கிராமத்தில் அன்று வாக்குச் சாவடிக்குப் போன கூலிக்காரன் எந்தப் பக்கம் என்பது பண்ணையாருக்கு உடனே தெரிந்துவிடும். ரகசிய வாக்கு என்பது பேச்சளவில்தான். கடைசியில் அந்தப் பகுதியில் பெரும் பண்ணைகள் உடைந்தது 1945-ல், செஞ்சேனை வந்த பிறகு நடந்த நிலச் சீர்திருத்தத்தில்.

பெல்ஜியத்தை மறந்துவிடவில்லை. விக்டோரியாவின் மற்றொரு மாமன் மகன் என்று சொன்னேனே, இரண்டாம் லியோபோல்ட். 1885-ல் ஆப்பிரிக்காவில் கொங்கோ நாட்டை, பெல்ஜியத்தைப் போல் எழுபது மடங்குக்கு மேற்பட்ட பூமியை, தன் சொந்தச் சொத்தாக எழுதி வாங்கினான். ஒரு நாள்கூட அங்கே காலடி வைத்ததில்லை. வேண்டியது ரப்பர். ஊருக்கு இத்தனை கூடை என்று கணக்கு. குறைந்தால் பெண்டாட்டியைப் பிணையாகக் கட்டி வைப்பார்கள், கசையால் அடிப்பார்கள், சுடுவார்கள். சுட்ட தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட, வெட்டிய மனிதக் கையைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். தோட்டாவை வேட்டையில் செலவழித்த சிப்பாய், உயிரோடிருப்பவன் கையை வெட்டிக் கணக்கை நேர் செய்தான். இலட்சக்கணக்கில் மக்கள் அழிந்தார்கள். உலகம் காறித் துப்பிய பிறகு 1908-ல் கொங்கோவைப் பெல்ஜிய சர்க்கார் எடுத்துக்கொண்டது.

1960 ஜூன் 30-ந் தேதி கொங்கோ விடுதலை பெற்றது. அந்த விழாவில் நின்று பெல்ஜிய ராஜா பொதுவாங், லியோபோல்டின் மேதாவிலாசத்தைப் புகழ்ந்தான்! அவன் லியோபோல்டின் தம்பிக்குக் கொள்ளுப்பேரன். கொங்கோவின் பிரதமர் தோழர் பத்ரீஸ் லுமும்பா எழுந்து, பட்ட அடிகளையும் அவமானங்களையும் ராஜாவின் முகத்துக்கு நேரே எண்ணிச் சொன்னார். ஏழு மாதம் முடிவதற்குள், 1961 ஜனவரி 17-ந் தேதி, அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடலைத் துண்டாக்கித் திராவகத்தில் கரைத்தார்கள். அந்த வேலையைச் செய்த பெல்ஜியப் போலீஸ் அதிகாரி ஒருவன் லுமும்பாவின் பல்லைப் பிடுங்கி, ஞாபகச் சின்னமாக வீட்டில் வைத்துக்கொண்டான்.

2022 ஜூனில் இன்றைய ராஜா பிலிப் கொங்கோவுக்குப் போனார். ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அதே மாதம் 20-ந் தேதி பிரஸ்ஸல்ஸில் ஒரு சிறு பெட்டியை லுமும்பாவின் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார்கள். உள்ளே இருந்தது தங்க உறை போட்ட அந்த ஒரு பல்.